புரொப்பல்லருக்கு பாலிஷ் போட்டால் பறக்கலாமா? ராஜகீழ்ப்பாக்கம் முதல் பல்லாவரம் வரை

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போவதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். கையில் விமானத்தின் புரொப்பல்லர் இருந்தால் பயணம்தான். போன ஆயுத பூஜை முடிந்த வாரம் போனோம். எழுதப் படிக்க நான் கற்றதே போன வருடம்தான். மெதுவாகத்தான் வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு வரி முடியும்போதும் ஒரு சந்தோஷம்.

எங்கள் பக்கத்துத் தெரு ரகு சார் வங்கியில் ஓய்வு பெற்றவர். நண்பர்களோடு சேர்ந்து இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் வைத்திருக்கிறார். அவர் மகள் நித்யா அதில்தான் ஓட்டக் கற்றாள். ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாகத் தனியாகப் பறக்க வேண்டும். பூஜைக்கு நாம் வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பதுபோல, சார் அதன் மர புரொப்பல்லரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வார்னிஷ் உரிந்திருந்தது. நாற்காலி, கட்டிலுக்கு பாலிஷ் போடும் என் மச்சான் கண்ணப்பனிடம் கொடுத்தார். அவன் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி ஆக்கி, சந்தனப் பொட்டும் வைத்துவிட்டான். திரும்ப மாட்ட வேண்டுமானால் லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் கையெழுத்து வேண்டுமாம். அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை கிளம்பினோம்.

ஆறடிச் சாமான் சாரின் காரில் நுழையவில்லை. தாம்பரம் மார்க்கெட் போகும் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றினோம். ஐந்து கிலோமீட்டர், இருநூறு ரூபாய். அங்கிருந்து மின்சார ரயிலில் சரக்குப் பெட்டி. சானடோரியம், குரோம்பேட்டை என்று பலகைகளை நானே வாசித்துக்கொண்டு போனேன்.

பெட்டியில் ஒரு பூக்கார அம்மா, “இன்னாணா இது, ராட்சச ஃபேனா?” என்றார்.

“ஏரோப்ளேன் றெக்கை, அக்கா. நான் பாலிஷ் போட்டது” என்றான் கண்ணப்பன்.

“பொட்டெல்லாம் ஜோராத்தான் கீது. பறக்குமா?”

கண்ணப்பன் சிரித்தான். சார் சிரிக்கவில்லை.

பல்லாவரம் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். விமானப் பட்டறையில் இன்ஜினியர் மேடம் புரொப்பல்லரை வாங்கி முதலில் நுனியைத் தடவிப் பார்த்தார்.

“இங்க சின்னச் சின்ன ஓட்டை இருக்கணுமே. எங்க?”

“லப்பம் வெச்சு அடைச்சிட்டேன் மேடம். ஓட்ட தெரிஞ்சா பாலிஷ்காரனுக்கு இன்னா மருவாதி?”

“அது தண்ணி வெளிய போற ஓட்டைண்ணா. ஈரம் உள்ளயே நின்னா மரம் ஊதிக்கும்.”

காற்றில் ஆடாதபடி மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். நடுத்துளையில் ஒரு தண்டைச் செருகி ஸ்டாண்டின்மேல் வைத்தார். புரொப்பல்லர் படுத்தவாக்கில் நின்றது. பிறகு ஒரு பக்கம், மிக மெதுவாக, கீழே இறங்கியது. “இந்தப் பக்கம் கனம் கூடிப்போச்சு” என்றார் மேடம்.

“ஒரு கையெழுத்துதானே மேடம்? ஞாயித்துக்கிழமை என் பொண்ணு தனியா பறக்கறா” என்றார் சார்.

“அதனாலதான் சார் போட மாட்டேன்.”

“லப்பத்த சுரண்டி எட்த்துட்டா?” என்றான் கண்ணப்பன்.

“இனிமே நீங்க தொடவே கூடாதுண்ணா. எவ்வளவு மரம் தேஞ்சிருக்கு, இந்தக் கறுப்பு பாலிஷுக்கு அடியில விரிசல் இருக்கா, ஒண்ணுமே தெரியல. தயாரிச்சவங்களுக்கே அனுப்பணும்.”

மேடத்தின் ஸ்டாண்டில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. சுவரோரம் நின்ற புரொப்பல்லர்களில் ஒன்றிலும் பொட்டு இல்லை. சார் அந்தப் புரொப்பல்லர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போய் மகளுக்கு போன் செய்தார். புரொப்பல்லரை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். புரொப்பல்லருக்குப் புதுப்பூச்சு கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அனுமதி உள்ளவர், தயாரித்தவர் சொன்ன முறைப்படி செய்து, எடை சமமா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை எவ்வளவு பளபளத்தாலும் அது பறக்கத் தகுதியில்லாத மரம்தான். பூசிவிட்டுப் போய்க் கேட்காதீர்கள், கேட்டுவிட்டுப் பூசுங்கள். ரயிலில் போவதானால் பத்து மணிக்கு மேல் போங்கள், கூட்டம் குறைவு.

ஞாயிறு காலை, நித்யா பறந்திருக்க வேண்டிய நேரத்தில், கண்ணப்பன் என் வாசலில் வந்து நின்றான். ராத்திரி தூங்காத முகம்.

“மாமா, சாருக்கு ஒரு போன் போடேன். கண்ண மூடுனா அந்தப் பொண்ணு வுழுற மாரியே கீது.”

போட்டேன். நித்யா கோபத்தில் இரண்டு நாளாக அவரோடு பேசவில்லையாம். இன்னும் எழுந்திருக்கவில்லை, தூங்குகிறாள் என்றார் சார்.

அதைச் சொன்னேன். கண்ணப்பன் படியில் உட்கார்ந்தான்.

“தூங்கட்டும் மாமா” என்றான். “அக்காவ ஒரு காபி போடச் சொல்லு.”