கட்டிங் மிஷினும் என் இடது கையும்

"ஆள்காட்டி விரலை மடக்குங்க" என்றார் அவசரப் பிரிவு மருத்துவர். மடக்கினேன். "மடக்குங்க" என்றார் மறுபடியும். மடக்கிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்துக் கீழே பார்த்தேன். விரல் நீட்டியபடியே கிடந்தது.

ரத்தத்தைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. நாமக்கல்லில் மோகனூர் சாலையில் நானும் அன்வரும் சேர்ந்து பதினொரு வருடமாக ஒரு வெல்டிங் பட்டறை நடத்துகிறோம். பெரும்பாலும் கோழிப்பண்ணை வேலை: கூண்டு நிறுத்தும் கால்கள், கதவுகள், கூரைச் சட்டங்கள். கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டறையோ மரக்கடையோ தறிக்கூடமோ, எங்கே அடிபட்டிருந்தாலும் பிறகு வருவது ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு அதை முன்கூட்டி யாரும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம், காலை பதினொரு மணி இருக்கும். பண்ணைக் கதவு ஒன்றின் சட்டத்தில், மூலையில் நீட்டிக்கொண்டிருந்த சதுரக் குழாயை வெட்ட வேண்டியிருந்தது. கையில் பிடித்து ஓட்டும் கட்டிங் மிஷினில், சுழன்று வெட்டும் வட்டைப் பாதி மூடியிருக்கும் தகட்டைக் கார்டு என்போம். அந்த மூலையில் கார்டு இடித்தது. கழற்றினேன். பக்கக் கைப்பிடியும் இடித்தது. அதையும் கழற்றினேன். குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்க இரண்டு நிமிடம் ஆகும். அதற்குப் பதில் இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் மிஷினை ஓட்டினேன். இப்படி எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். ஒன்றும் ஆகாததால் அதுவே சரியான முறை என்று ஆகிவிட்டிருந்தது.

வெட்டு முடியப்போகும் நேரத்தில் குழாய் தன் எடையில் தொய்ந்து வட்டைக் கவ்வியது. மிஷின் எகிறியது. ஒற்றைக் கையால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. உள்ளங்கையில், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, வட்டு குறுக்கே போனது.

பட்டறையின் மறுகோடியில் வெல்டு வைத்துக்கொண்டிருந்த அன்வர் ஓடிவந்தார். என்னிடம் வரவில்லை. முதலில் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். சில நாட்கள்வரை இது எனக்கு மனத்தாங்கலாக இருந்தது. பிறகுதான் யோசித்தேன். அந்த மிஷினின் சுவிட்சைத் தள்ளிவிட்டால் ஆன் நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். கையை எடுத்தாலும் ஓடும். என் காலடியில் அது சுற்றிக்கொண்டு கிடந்திருக்கிறது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

பிறகு அன்வர் துவைத்த துண்டை மடித்துக் காயத்தில் வைத்து அழுத்தினார். "கையத் தூக்கியே வெச்சுக்க சேகரு. உள்ள பாக்காத." அது சரியான காரியம். கயிறோ கம்பியோ போட்டு இறுக்காமல் அழுத்திப் பிடித்ததை மருத்துவரும் பாராட்டினார். தவறான காரியம் ஒன்றும் நடந்தது. பக்கத்துக் கடைக்காரர் இரக்கப்பட்டு சோடா கொடுத்தார், நான் முழுதாகக் குடித்துவிட்டேன். வயிறு காலியாக இல்லாமல் மயக்க மருந்து தர மாட்டார்கள் என்பதால் அறுவைசிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. அடிபட்டவருக்கு எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

நாமக்கல் மருத்துவமனையில் கட்டுப் போடும்போது அந்த அவசரப் பிரிவு மருத்துவர் கேட்டார்: "மிஷின்ல கார்டு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க" என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, சேலத்தில் கை அறுவைசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார்.

சேலத்து மருத்துவர் படம் வரைந்து காட்டினார். விரல்களை மடக்கும் தசைநாண்கள் (தசையின் இழுப்பை எலும்புக்குக் கொண்டுபோகும் கயிறு போன்ற நார்கள்) அறுந்திருந்தன. ஆள்காட்டி விரலுக்குப் போகும் உணர்வு நரம்பு ஒன்றும் அறுந்திருந்தது. "கயிறு அறுந்தா கெணத்து வாளி மேல வராதில்லீங்க, அது மாதிரிதான். தச்சுடலாம். ஆனா தைக்கறது பாதி வேலைதான். மீதி உங்க கையிலதான் இருக்கு" என்றார்.

அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கவைத்தார்கள். நான் விழித்திருந்தேன். கை பக்கத்துப் பலகையில் கிடந்தது. ஆனால் அது நெஞ்சுக்கு மேல் தூக்கியபடி நிற்பதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. செவிலியரிடம் சொன்னேன். "எல்லாருக்கும் அப்படித்தாங்க இருக்கும்" என்றார். மூன்று மணிநேரம் என் கை இரண்டு இடங்களில் இருந்தது.

மறுநாள் காலை என் மனைவி மல்லிகா எப்படி ஆச்சு என்று கேட்டாள். "மிஷின் பழசு. எகிறிருச்சு" என்றேன். அதில் பொய் இல்லை. மிஷின் பழையதுதான். அதை வாங்கி வந்தது அன்வர்.

அன்வர் மருத்துவமனைக்கு என்னைப் பார்க்க வந்தபோது அவளே அறைக்கு வெளியே போய் நின்றாள். கதவு சாத்தவில்லை.

"ஏனுங்கண்ணா, அந்த ஓட்டை மிஷின இன்னுமா வெச்சு ஓட்டுறீங்க? உங்க கைல ஆகியிருந்தா உங்க ஊட்ல சும்மா இருப்பாங்களா?"

அன்வர் ஒன்றும் சொல்லவில்லை. என்னால் கூப்பிட்டிருக்க முடியும். பத்தடி தூரம்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் இருந்தேன். சற்று நேரத்தில், "பாத்துக்கம்மா, வாரேன்" என்ற குரல் கேட்டது. அதன் பிறகு அவர் எங்கள் எருமப்பட்டி வீட்டுக்கு வரவில்லை. போனில் மட்டும் விசாரித்தார்.

மணிக்கட்டையும் விரல்களையும் சற்று மடங்கிய நிலையில் வைத்து, புறங்கையில் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். மறு கையால் விரல்களை மடக்கி, கட்டு தடுக்கும் வரை மெல்ல நீட்ட வேண்டும். மணிக்கு ஒரு முறை, பத்துத் தடவை. தானாக இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அசைக்காவிட்டால் தசைநாண் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். அதிகம் அசைத்தால் தையல் அறுந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஆறு வாரம் வாழ வேண்டும்.

ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது வாரத்தில் வலி குறைந்து, கை தேறிவிட்டது போல் இருக்கும். தையல் பலவீனமாக இருப்பதும் அப்போதுதான். என்னோடு அறுவைசிகிச்சை செய்துகொண்டவர் ஒருவர் அந்த வாரத்தில் குடத்தைத் தூக்கிவிட்டு மறுபடி அறுவைசிகிச்சை மேசைக்குப் போனார்.

வலியைவிட என்னைத் தின்றது வேறு. சட்டைப் பொத்தான் போடுவதற்கு, சோற்றைப் பிசைந்து தருவதற்கு மல்லிகா பக்கத்தில் வரும்போதெல்லாம் அன்வரைத் திட்டினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாள் தள்ளிப்போனபோதும் சொல்வது இன்னும் கொஞ்சம் கடினமாயிற்று.

ஐந்தாவது வாரம் சேலத்தில் இயன்முறை சிகிச்சைக்கு (மருந்தின்றி அசைவுப் பயிற்சியால் தரும் சிகிச்சை) போயிருந்தோம். ஒரே மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ராசிபுரத்துத் தச்சர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். மரமறுக்கும் மிஷினில் கட்டைவிரல் போயிருந்தது. எப்படி ஆச்சு என்று சிகிச்சை தரும் பயிற்சியாளர் கேட்டார்.

"கார்டக் கழட்டிப் போட்டு அறுத்தனுங்க. எம்பட தப்புதானுங்க" என்றார் அவர், ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல.

யாரும் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பயிற்சியாளர், "சரி, கையை இப்படித் திருப்புங்க" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும் பேருந்தில் ராசிபுரம் தாண்டியதும் மல்லிகாவிடம் சொன்னேன். கார்டைக் கழற்றியது நான்தான், மிஷினில் ஒரு குறையும் இல்லை, அன்வருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாமக்கல்லில் இறங்கியதும் எருமப்பட்டிப் பேருந்தில் ஏறாமல் ஆட்டோவைக் கூப்பிட்டு, "மோகனூர் ரோடு போங்க" என்றாள்.

பட்டறையில் அன்வர் தனியாகச் சட்டம் அளந்துகொண்டிருந்தார். மல்லிகா வாசலிலேயே நின்று, "அண்ணா, நான் பேசுனது தப்புங்க. இவரு இப்பத்தான் சொன்னாரு" என்றாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா. கழட்டுன கார்டு கதவுச் சட்டத்து மேலயே இருந்துச்சு. நாந்தான் எடுத்து வெச்சேன்."

"அப்பறம் ஏனுங்க நான் அத்தன பேசியும் வாயத் தொறக்கல?"

"கட்டுப் போட்டுக் கெடக்கறவன என்னன்னு சொல்றதும்மா? அவனே சொல்லிருவான்னு பாத்தேன்." பிறகு என்னைப் பார்த்தார். "அஞ்சு வாரம் ஆச்சேடா. ஒரு போன் பேசற நேரம் போதுமே."

அவர் தேநீர் வாங்கப் போனார். மூவரும் குடித்தோம். அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். இரண்டு மாதம் வேலையைப் பற்றி மட்டும்தான் பேசினோம்.

வைகாசியில் பட்டறைக்குத் திரும்பினேன். அன்வர் வேறு மிஷின் வாங்கியிருந்தார். விரலை எடுத்தால் நின்றுவிடும் வகை. அதை இரண்டு கையாலும் பிடிக்கிறேன். குழாயைக் கிளாம்ப் பிடித்துக்கொள்கிறது. கார்டு இடிக்கும் மூலையாக இருந்தால் இரும்பறுக்கும் வாள் எடுத்துக் கையால் அறுக்கிறேன். அரை மணி ஆகும். ஆகட்டும் என்று அன்வர் சொல்லிவிட்டார்.

நடுவிரல் இப்போது உள்ளங்கையைத் தொடுகிறது. ஆள்காட்டி விரல் தொடவில்லை, ஒரு விரல்கடை மிச்சமிருக்கிறது. அதன் நுனி மரத்தே இருக்கிறது. போன வாரம் சூடான டம்ளரைப் பிடித்துக்கொண்டு மல்லிகாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவள்தான் பிடுங்கினாள். கொப்புளம் வந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

பயிற்சியாளர் கடைசியாகப் பார்த்தபோது, தழும்பிலிருந்து தொடங்கி விரல் நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் மின்சாரம் தொட்டதுபோல் சுரீர் என்றது. "நரம்பு இதுவரைக்கும் வளந்து வந்திருக்குங்க. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போகும், சில நாள் அதுவும் போகாது. நுனிக்குப் போனாலும் பழைய உணர்ச்சி அப்படியே வரும்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

தினமும் குளித்ததும் நானே தட்டிப் பார்க்கிறேன். சுரீர் என்கிற இடம் கடைசிக் கணுவைத் தாண்டியிருக்கிறது. அங்கிருந்து நுனிக்கு இன்னும் இரண்டு சென்டிமீட்டர். என் கணக்கில் நரம்பு அங்கே போய்ச் சேர்வது ஆனி மாதம்.