பாட்டுக்கு நடுவே பேசியவள்: ஓசூர், தேன்கனிக்கோட்டை, காவேரிப்பட்டினம் மூன்று நாள்

வழக்கமாக அருவி, கோட்டை, மலைப்பாதை என்று எழுதுகிறவன் நான். பிப்ரவரி கடைசி வாரம் மதுரையிலிருந்து கிளம்பி ஓசூர்ப் பக்கம் மூன்று நாள் அலைந்தது அந்த மாதிரிப் பயணம் இல்லை. பழைய டிவி நிகழ்ச்சி ஒன்றைத் தேடிப் போனேன். பழைய உள்ளூர் சேனல் நிகழ்ச்சிகளைத் தேடுகிறவர்கள் சிலர் இங்கே அவ்வப்போது கமெண்டில் கேட்பதுண்டு. அவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். உற்சாகமான கட்டுரை வேண்டுமென்றால் போன மாதம் எழுதியதைப் படித்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா பெயர் ஜெசிந்தா. அப்பாவுக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை கிடைத்ததால் தூத்துக்குடியிலிருந்து குடும்பத்தோடு அங்கே போய்விட்டோம். தொண்ணூறுகளின் கடைசியில், ஊரிலிருந்த ஒரு கேபிள் சேனலில் அக்கா ஒரு வருஷம் நிகழ்ச்சி நடத்தினாள். பெயர் ‘ஷிஃப்ட் முடிஞ்சாச்சு’. வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணி. தமிழ், கன்னடம், இந்தி, இங்கிலீஷ் என்று அப்போது வந்துகொண்டிருந்த பாப் ஆல்பம் பாட்டுகளைப் போடுவார்கள். காலை ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்த பையன்கள் எழுதிப்போட்ட கார்டுகளைப் படித்து, நடுநடுவே அக்கா பேசுவாள்.

பிறகு கல்யாணம், ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு ஒன்றரை வயசானபோது கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் விபத்து நடந்து அக்கா போய்விட்டாள். அந்தக் குழந்தை பிரின்சிக்கு இப்போது இருபத்துநாலு வயசு. ஓசூரில்தான் ஒரு ஃபேக்டரியில் தரப் பரிசோதனை வேலை. ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். தாய்மாமன் சீராக என்ன வேண்டும் என்று போனில் கேட்டேன். “ஒண்ணும் வேணாம் மாமா. அம்மா பேசுறதை ஒரு தடவை கேக்கணும். முடிஞ்சா அதைக் கொண்டுவாங்க” என்றாள்.

கல்யாண வீடியோ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மூன்று மணி நேரம். அதில் அக்கா சிரிக்கிறாள், யாரிடமோ ஏதோ சொல்கிறாள், வாய் அசைகிறது. சத்தம் முழுக்க சினிமாப் பாட்டு. அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் எல்லாருமே ஒரிஜினல் சத்தத்தை அழித்துவிட்டுப் பாட்டைப் போட்டுத்தான் கொடுத்தார்கள். நாமும் அழகாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டோம்.

அக்கா சேனலில் நகல் எடுத்துக் கொண்டுவந்த, அவள் நிகழ்ச்சியின் வீடியோ கேசட் ஒன்றும் எங்கள் வீட்டில் இருந்தது. அவள் இறந்த ஏழாம் மாதம் அதில் கிரிக்கெட் மேட்சைப் பதிவு செய்து அழித்தவன் நான். அப்போது எனக்குப் பதினேழு வயசு. தெரியாமல் நடந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். அதனால்தான் பிரின்சி கேட்டதும் மறுபேச்சில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள். காலை 5.40க்கு ஓசூர் பஸ் நிலையம். அந்த நேரத்திலேயே கம்பெனிப் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன, கழுத்தில் அடையாள அட்டையோடு பெண்கள் தூங்கி வழிந்தபடி ஏறுகிறார்கள். பக்கத்திலேயே லாட்ஜ், நாளைக்கு 700 ரூபாய், வெந்நீர் ஏழு மணி வரைதான். சேனல் இருந்த மாடியில் இப்போது செல்போன் கடை. கீழே பூ விற்கிற அம்மாதான் வழி காட்டினார். சேனலில் ஆபரேட்டராக இருந்த நாராயணப்பா தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை 25 கிலோமீட்டர். டவுன் பஸ், 22 ரூபாய், ஐம்பது நிமிஷம். அங்கிருந்து ஆட்டோ 150. நாராயணப்பாவுக்கு அறுபத்தைந்து வயசிருக்கும். முந்தின நாள்தான் யானை இறங்கி ராகிப் போரைக் கலைத்துப் போட்டிருந்தது. கலைந்ததை அள்ளிக்கொண்டே பேசினார். வீட்டுக்குள் தெலுங்கு, வேலையாளிடம் கன்னடம், என்னிடம் தமிழ்.

“ஜெசிந்தாம்மா தம்பியா? கேசட்டு எங்க சார் இருக்கப்போவுது? மொத்தமே நாலு கேசட்டுதான் எங்ககிட்ட. வியாழக்கிழமை எடுப்போம், வெள்ளிக்கிழமை ஓட்டுவோம், அப்பால அது மேலயே அடுத்த வாரம் எடுப்போம். அழிச்சி அழிச்சி எடுத்து கடைசியில டிவியில பொம்மையே தெரியல.”

“ஒண்ணுகூட மிச்சம் இல்லையா?”

“ஓனரு காசு குடுத்தாத்தானே புதுக் கேசட்டு வாங்கறது? நானும் அப்ப நினைக்கல சார். எப்பவும் வர்ற பொண்ணு, இன்னும் வந்து பேசும்னு இருந்தோம்.”

கிளம்பும்போது அவரே கூப்பிட்டு இன்னொன்று சொன்னார். முருகேசன் என்று ஒரு ஃபேக்டரி பையன் அடிக்கடி போன் பண்ணி, போட்ட பாட்டின் பெயரையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்வானாம். டிவி பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறவன். சொந்த ஊர் காவேரிப்பட்டினம், மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற வழியில் வீடு. எனக்கு அப்போதே கால் தரையில் நிற்கவில்லை.

இரண்டாம் நாள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி 50 கிலோமீட்டர், 48 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். சூளகிரி தாண்டியதும் நான் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. விபத்து நடந்த இடம் அந்தச் சாலையில்தான். கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டினம் 11 கிலோமீட்டர், 12 ரூபாய். கேசட் பிளேயர் ஒன்றை மதுரையில் 900 ரூபாய்க்கு வாங்கிக் கையோடு கொண்டுபோயிருந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், கேசட் வைத்திருக்கிறவர்கள் வீட்டில் பிளேயர் இருப்பதில்லை.

முருகேசனை மூன்றாவது தெருவிலேயே பிடித்துவிட்டேன். ஐம்பது வயசு, மளிகைக் கடை வைத்திருக்கிறார். வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போனார். பிஸ்கட் டின் ஒன்றில் பன்னிரண்டு கேசட், ஒவ்வொன்றிலும் பாட்டுப் பெயர்கள் நுணுக்கி நுணுக்கி எழுதியது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“தைரியமா கேளுங்க சார்” என்றார் பெருமையாக. “ஒரு பாட்டுலகூட பேச்சு கலக்காது. பாட்டு முடிஞ்சி அந்தப் பொண்ணுங்க வாயத் தொறந்தா டக்குனு நிறுத்திடுவேன். பாட்டு வந்தாத்தான் மறுபடி அமுக்கறது. சுத்தமா இருக்கும்.”

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். அந்த மனுஷன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதி மாளாது. ஆனால் அவர் என்ன தப்பு செய்தார்? அன்றைக்கு எல்லாருமே அப்படித்தான் பதிவு செய்தார்கள், பேச்சு என்றால் குறுக்கே வருகிற தொல்லை. அவர் மனைவி கொண்டுவந்த காபியை வாங்கிக் குடித்தேன்.

பன்னிரண்டு மணிநேரப் பாட்டை முழுக்க ஓட்டவில்லை. ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கேட்டேன், காலை பத்தரையிலிருந்து நாலரை வரை. அவர் விரல் கொஞ்சம் தாமதித்த இடங்களில் பேச்சின் வால் மாட்டியிருந்தது. ‘...ங்க நேயர்களே’, ‘ஓகே, பாகலூர் ரோ...’, பாதிச் சிரிப்பு. மொத்தம் இருபத்துமூன்று துண்டு, எல்லாம் அரை வினாடி, ஒரு வினாடி. போனில் ஏற்றிக்கொண்டேன்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. நிகழ்ச்சியை அக்கா மட்டும் நடத்தவில்லை. ஒரு வாரம் அவள், மறுவாரம் மஞ்சுளா என்று இன்னொரு பெண். இருபத்துமூன்றில் எது அக்கா குரல் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டதும் தெரிந்துவிடும் என்று நம்பித்தான் 390 கிலோமீட்டர் வந்தேன். கூடவே வளர்ந்தவன், அவள் கையால் சோறு தின்றவன், அவள் குரலை மறந்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை நினைத்து வெட்கம் பிடுங்கித் தின்றது.

மூன்றாம் நாள். நாராயணப்பாவுக்குப் போன் போட்டதில் மஞ்சுளா இருக்கும் இடம் தெரிந்தது. ஓசூரிலேயே ஃபேக்டரிப் பெண்களுக்கான ஹாஸ்டல் ஒன்றில் வார்டன். பஸ் நிலையத்திலிருந்து 6 கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ 30 ரூபாய். பார்வையாளர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, என் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டார்.

“இது நானு. இதுவும் நானு. பல்லு சந்துல காத்து போவுது பாருங்க, கேக்குதா? இதுவும் நான்தான்.”

பத்து, பதினைந்து, இருபது. எல்லாவற்றுக்கும் “நானு” என்றார். அவருக்கே சங்கடமாகிவிட்டது போல, மெல்லத்தான் சொன்னார். இருபத்திரண்டு முடிந்தது. கடைசித் துண்டில் நிறுத்தி, திரும்பக் கேட்டார்.

“இது நான் இல்லீங்க.”

“நிச்சயமா?”

“நான் ஓகேன்னுதான் சொல்லுவேன். சரின்னு சொல்றது உங்க அக்கா. பாட்டு முடிஞ்சா ஒரு சரி, கார்டு படிச்சா ஒரு சரி. ஓனரு திட்டுவாரு, ஏம்மா சரி சரின்னு மாட்டை ஓட்டுறியான்னு. அதுக்கும் சரின்னுதான் சொல்லும்.” இயர்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “ஜெசிதான் சார் இது.”

அந்தத் துண்டில் இருப்பது இவ்வளவுதான்: ‘சரி, அடு’. அடுத்து என்று சொல்ல வந்திருக்கிறாள். அதற்குள் முருகேசன் பட்டனை அமுக்கிவிட்டார்.

வாசலில் நின்று முருகேசனுக்குப் போன் செய்து, அந்தத் துண்டுக்கு முன்னால் இருந்த பாட்டைச் சொல்லி, எப்போது எடுத்தது என்று கேட்டேன். அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“அது கடைசி கேசட்டுங்க. எனக்கு ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், ஒரு வாரம் செகண்ட் ஷிஃப்ட். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரந்தான் நாலரைக்கு ரூம்ல இருப்பேன். அந்த வாரம் செகண்டு. ஆனா புதன்கிழமையே பிரஸ் மெஷின்ல விரல் போயிடுச்சி, லீவுல படுத்துக்கினு இருந்தேன். ஒரே ஒரு பாட்டுதான் எடுத்தேன் சார், இடது கையால. வலி தாங்கல. அப்பால டேப் ரெக்கார்டரையே தொடல.”

அவர் ஷிஃப்டும் இரண்டு பெண்களின் முறையும் வாரம் மாற்றி வாரம் ஒன்றாகவே ஓடியிருக்கின்றன. அக்கா பேசிய வாரமெல்லாம் அவர் மெஷின் முன்னால் நின்றிருக்கிறார். அவர் விரல் போகாமல் இருந்திருந்தால் இந்த ஒரு வினாடியும் கிடையாது. அவருக்கு நன்றி சொல்வதா, வருத்தம் சொல்வதா என்று தெரியாமல் போனை வைத்தேன்.

பிரின்சிக்கு அன்று ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிந்தது. மூன்றே காலுக்குப் பஸ் நிலையத்துக்கு வந்தாள், யூனிஃபார்மோடு. எனக்கு நாலு மணிக்கு சேலம் பஸ். டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, இயர்போனைக் கொடுத்தேன்.

ஒரு தடவை கேட்டாள். காதைப் பொத்திக்கொண்டு மூன்று தடவை கேட்டாள்.

“அடுத்து என்ன மாமா?”

“அவ்வளவுதான்மா கிடைச்சது.”

“இல்ல மாமா. அடுத்து என்ன சொல்லியிருப்பாங்க? பாட்டா, யாராவது பேரா?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். தன் போனுக்கு அனுப்பச் சொல்லி, வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தாள்.

இதே மாதிரித் தேடிப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சேனல்காரர்களிடம் எதுவும் இருக்காது, நேயர்களைத் தேடுங்கள். ஓசூரில் தங்கினால் தேன்கனிக்கோட்டைக்கு அரை நாள், காவேரிப்பட்டினத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பஸ், ஆட்டோ, அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. முருகேசனின் பன்னிரண்டு கேசட்டிலும் இருந்த பாட்டுகளைப் பிறகு போனில் தேடிப்பார்த்தேன். எல்லாமே கிடைக்கின்றன. ஒரு பாட்டுகூடத் தொலையவில்லை.

வீட்டில் பழைய வீடியோ கேசட் இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். அதன் முதுகில் ஓரமாகச் சின்ன பிளாஸ்டிக் பல் ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதிவாகாது. யாரும் கைதவறி அழித்துவிட முடியாது.

அக்கா கொண்டுவந்த கேசட்டில் அந்தப் பல்லை அவளே உடைத்துத்தான் வைத்திருந்தாள். மேட்ச் தொடங்கிவிட்டது, புதுக் கேசட் வாங்கலாமென்றால் கடை மூடியிருந்தது. பல் இருந்த பள்ளத்தின் மேல் செலோ டேப் ஒட்டிவிட்டுத்தான் நான் பதிவு செய்தேன். பிரின்சி இதைப் படிப்பாள். பஸ் நிலையத்தில் முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் இதை மட்டும் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.