கேக் ஓரங்கள்

நடப்பது எனக்கு ஆகவே ஆகாது. முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து தெருமுனை மளிகைக் கடைக்குக்கூட ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போகிறவள் நான். அப்படிப்பட்டவளை மாதா கோயில் வாசலில் நிறுத்தி, "நீங்கதான் அந்தப் பொண்ணோட தினம் நடக்கணும்" என்று எங்கள் குழு சொல்லிவிட்டது. நான் சண்டை போட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை.

குழு என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த சில குடும்பங்கள், அவ்வளவுதான். உறுப்பு மாற்று ஆபரேஷன் தேவைப்படும் குழந்தைகளின் வீட்டாருக்கு எங்களால் ஆனதைச் செய்வோம். பணம் திரட்டுவது, அரசாங்க உதவிக்கு அலைவது எல்லாம் மற்றவர்கள் பாடு. நான் என் மாடி அறையைக் கொடுப்பேன். வெளியூரிலிருந்து கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்கள் தேவைப்படும்வரை அங்கே தங்கிக்கொள்ளலாம். கீழே நான் கேக் செய்து விற்கிறேன். பிறந்தநாள், புதுநன்மை, கல்யாணம் என்று எதற்கும் செய்வேன்.

அந்த மழைக்காலத்தில் மாடிக்கு வந்தது பாகூர் பக்கத்துக் கிராமத்துக் குடும்பம். விவசாயக் குடும்பம்தான், ஆனால் அப்பா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். அம்மாவும் ஐந்து வயது மகளும்தான் அறையில். பிறவியிலேயே பித்தக்குழாய் சரியில்லாமல், குழந்தையின் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. கண் மஞ்சள், கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பியிருக்கும். முதல் நாள் அவளைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய் வெறும் பாத்திரங்களைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பெற்றவர்களில் ஒருவருடைய கல்லீரலில் ஒரு துண்டை எடுத்து வைக்கலாம் என்று சென்னையில் சொன்னார்கள். அப்பாவின் ரத்த வகை சேரவில்லை. அம்மாவுடையது சேர்ந்தது, ஆனால் அவள் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. அது குறைந்தால்தான் எடுக்க முடியும். பட்டினி கிடக்கக் கூடாது, அளவாகச் சாப்பிட்டு நன்றாக நடக்க வேண்டும், கிறிஸ்துமஸுக்கு முன்னால் மறுபடி ஸ்கேன் என்றார்கள். குழந்தையோ, ஆபரேஷனைத் தாங்க வேண்டுமானால் சதை போட்டாக வேண்டும். ஆக, ஒரே அறையில் தாய் இளைக்க வேண்டும், மகள் தேற வேண்டும். அதிக நாள் காத்திருக்க முடியாது என்பதையும் டாக்டர் தணிந்த குரலில் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

விடிந்ததும் தாயை ஸ்கூட்டியில் உட்கார வைத்துக்கொண்டு பீச்சுக்குப் போவேன். மகள் எழுந்திருக்கும்வரை என் வீட்டுக்காரர் மாடியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வயலில் நடந்து பழகிய கால்கள் அவளுக்கு. ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போவாள், நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். தலைமைச் செயலகம் தாண்டி, திரும்பி, மறுபடியும். தூறினாலும் விடமாட்டாள்.

"எப்பிடிடி இவ்ளோ சதை போட்ட? நடக்கறதப் பாத்தா அப்பிடித் தெரியலியே" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாப்பா மீதி வெக்கிறத நான்தான்க்கா சாப்புடுவேன். அவ எங்க சாப்புடறா? எல்லாம் மீதிதான். கொட்ட மனசு வராது."

"இனிமே கொட்டு" என்றேன். தலையாட்டினாள்.

ஊரார் பாசம் வேறு எங்களைப் பாடாய்ப் படுத்தியது. பிள்ளைக்கு ஈரல் கொடுக்கப் போகிறவள் என்று கேள்விப்பட்டதும் பிரியாணியும் அல்வாவுமாக வர ஆரம்பித்துவிட்டார்கள். "குடுக்கப் போற ஒடம்பு, நல்லா சாப்புடும்மா" என்று வாயிலேயே திணிக்காத குறை. எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? கேட்டிலேயே மறித்து வாங்கி எங்கள் வீட்டுக்காரர் தட்டில் போட்டேன். அந்த மாதம் பருத்தவர் அவர் ஒருவர்தான்.

குழந்தை எதையும் தொடமாட்டாள். இட்லியைக் கிள்ளுவாள், வைத்துவிடுவாள். அவளுக்குப் பிடித்தது என் கேக் ஓரம் ஒன்றுதான். கேக்கைச் சமமாக்க ஓரத்தையும் மேல்பக்கத்தையும் சீவி எடுப்பேன். கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிகிற நேரம் அது, சீவல் தினமும் ஒரு கிண்ணம் சேரும். மத்தியானம் அடுக்களை வாசலில் வந்து நின்று, "கேக்கு பெரிம்மா" என்பாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மெதுவாகப் படியேறுவாள். கிண்ணம் காலியாகத் திரும்பி வரும். கோரிமேட்டில் யாராலும் சாப்பிட வைக்க முடியாத பிள்ளையை நான் சாப்பிட வைத்துவிட்டேன் என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

இடையில் ஒருநாள் கோரிமேட்டில் இருவருக்கும் எடை பார்த்தார்கள். தாய் கொஞ்சம்கூட இளைக்கவில்லை. மகள் இன்னும் இளைத்திருந்தாள். "இப்படியே போனா சென்னையில தேதி தர மாட்டாங்கம்மா" என்றார் டாக்டர்.

குழந்தையை, அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்த அப்பாவோடு ஆட்டோவில் அனுப்பிவிட்டு, அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சிக்னலில் வண்டியை நிறுத்தித் திரும்பி, "யாருக்குடி காது குத்தற? எனக்குத் தெரியாம இன்னா திங்கற?" என்று கத்தினேன். பக்கத்து பைக்கில் இருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். "இல்லக்கா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அடுத்து வந்த நாட்களில் என்னால் ஒரு வேலையை உருப்படியாக முடிக்க முடியவில்லை. ஒரு கேக் கருகியது, ஒன்று உப்பவே இல்லை. மாவைக் கலக்கிவிட்டு வாசலுக்குப் போவேன், வாசலிலிருந்து மாடிப்படி வரை போவேன், திரும்புவேன். "நீ நடக்கறதப் பாத்தா ஒனக்குத்தான் ஸ்கேன் போல" என்றார் வீட்டுக்காரர். வாயைக் கிளறாதீர்கள் என்று அவர்மேலும் எரிந்து விழுந்தேன்.

ஒரு மத்தியானம் வழக்கம்போல் குழந்தை கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனாள். மழை வருகிற மாதிரி இருக்கவே, துணியை எடுக்க நானும் மாடிக்குப் போனேன். அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. தாய் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மகள் எதிரில் நின்று கேக்கை எடுத்து அவள் வாயில் வைக்கிறாள். "ஆ காட்டும்மா. பெரிம்மா வர்றதுக்குள்ள முழுங்கு." தாய் மென்றுகொண்டே அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாடி நடக்குது இங்க?" என்று கதவைத் தள்ளினேன்.

குழந்தை கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். "அம்மாவத் திட்டாதீங்க. எனக்கு ஒடம்பு சரியில்லன்னுதான எல்லாரும் அம்மாவுக்குச் சோறு போட மாட்டேங்கறீங்க?"

தாய்தான் பேசினாள். "நான் வாயத் தொறக்கலன்னா அவளும் திங்க மாட்டேங்கறாக்கா. நான் நாலு வாய் தின்னா, அவ ஒரு வாய் திங்கறா. அந்த ஒரு வாயாச்சும் உள்ள போவட்டுமேன்னு..."

"எதுக்குன்னு அவகிட்ட சொல்லலியா நீ?"

"வயித்தக் கிழிப்பாங்கன்னு எப்பிடிக்கா சொல்றது? பயந்துடுவா."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இத்தனை பேர் கூடி அலைகிறோம், இந்தப் பிள்ளையிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. என் முட்டி தரையில் உட்கார விடாது, ஆனாலும் உட்கார்ந்தேன்.

"இங்க பாரு பாப்பா. உங்கம்மா வயித்துக்குள்ள ஈரல்னு ஒண்ணு இருக்குது. ஒனக்கும் இருக்குது, ஆனா ஒன்னோடது கெட்டுப்போச்சி. அதனால அம்மாவோடதுல ஒரு துண்டு எடுத்து டாக்டரு ஒனக்கு வெக்கப் போறாரு. நீ தூங்கும்போது வெப்பாரு. இப்ப அதுல கொழுப்பு ஒட்டிக்கினு கெடக்குது. அது போவணும்னுதான் அம்மா நடக்கறா."

"எனக்கா?"

"ஒனக்குத்தான்."

"அப்ப அம்மாவுக்கு?"

"அம்மாவுக்குத் திரும்ப வளந்துடும்."

"நெகம் மாரியா?"

"ஆமா, நெகம் மாரி."

அவள் கிண்ணத்துக்குள் பார்த்தாள். ஒரு துண்டு மீதி இருந்தது. அதை எடுத்து, அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் வாயில் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் மென்றாள். முழுங்குகிற வரை நாங்கள் இருவரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு எனக்குக் காவல் வேலை இல்லை. கேட்டில் யாராவது பாயசத்தோடு வந்தால் அவளே போய், "அம்மாவுக்கு வாணாம், எனக்குக் குடுங்க" என்பாள். சாப்பிடுவாள், சில சமயம் வாந்தி எடுப்பாள், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்பாள். நாங்கள் பீச்சிலிருந்து திரும்பினால் படியில் நின்று, "முழுசா நடந்தியா?" என்று தாயை விசாரிப்பாள். என்னையும் விசாரிப்பாள்.

ஸ்கேன் அன்றைக்கு நான் உட்காரவே இல்லை. வராண்டாவில் நடந்துகொண்டே இருந்தேன். வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், எனக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான், "போதுமாம்க்கா, எடுக்கலாமாம்" என்றாள்.

பொங்கலுக்கு முன்னால் சென்னையில் ஆபரேஷன் நடந்தது. குழந்தையின் அப்பா காலையிலிருந்து ஒரே நாற்காலியில் அசையாமல் இருந்தார். "அக்கா, கொஞ்சம் உக்காருங்களேன், எனக்குப் பயமா இருக்குது" என்று அவர் சொன்ன பிறகும் என் கால் கேட்கவில்லை. முதலில் தாயைக் கொண்டுவந்தார்கள். குழந்தையைக் கொண்டுவர இருட்டிவிட்டது.

குழந்தை இருந்த ஐசியூவுக்குள் யாரையும் விடவில்லை. தாய் வேறு மாடியில் படுத்திருந்தாள். இரண்டு நாள் கழித்து, சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியும் அவள் வாய் வைக்கவில்லை. "எறங்கலக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் இட்லித் தட்டை வைத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து, கெஞ்சி, திட்டி, ஓய்ந்துபோனேன்.

அப்போதுதான் குழந்தையைக் கவனிக்கிற நர்ஸிடமிருந்து வீடியோ கால் வந்தது. பாப்பா கண் விழித்து, அம்மாவைக் கேட்கிறாளாம். திரையில் முகமெல்லாம் குழாய்கள். நான் போனைத் தாயின் முகத்துக்கு நேரே பிடித்தேன். மகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"பெரிம்மா, இப்ப அம்மா சாப்புடலாம் இல்ல?"

"சாப்புடலாம்டி. சாப்புட மாட்டேங்கறா உங்கம்மா."

"ஆ காட்டும்மா" என்றாள் மகள்.

தாய் வாயைத் திறந்தாள். நான் இட்லியைப் பிட்டு ஊட்டினேன். முழுங்குகிறாளா என்று மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.