போகிற மூச்சைச் சொல்லாத கூட்டம்

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. தியானம் என்ற வார்த்தையை முதலில் கேட்டபோது, ஏதோ தானம் கொடுக்கிறார்கள் என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன் என்று பேத்திகளிடம் சொல்லுவேன். அது பொய். உண்மை அதைவிட மோசம். மை போட்டுக் காணாமல்போனவர்களைக் கண்டுபிடிக்கிற இடம் என்று நம்பித்தான் போனேன்.

எமர்ஜென்சி வந்த வருஷம். என் வீட்டுக்காரர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பாய்மரத் தோணியில் பண்டாரி. அதாவது சமையல்காரர். வீட்டில் வெந்நீர்கூடப் போடமாட்டார். அந்தத் தோணி வெங்காயம் ஏற்றிக்கொண்டு போனது. கொழும்பு போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. பலகை ஒதுங்கியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அழுதிருப்பேன்.

அதே தோணியில் பாய் இழுக்கிறவராகப் போனவரின் பெண்டாட்டி எங்கள் தெருவில்தான் இருந்தாள். புன்னைக்காயல்காரி, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. குழாயடியில் என்னோடு தினமும் சண்டை போடுகிறவள். தோணி காணாமல்போன பிறகு அவள் எனக்குக் குடத்தை முன்னால் வைக்க இடம்விட்டாள். எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது அப்போதுதான்.

ஒருநாள் அவள் வந்து சொன்னாள். “ஏளா, பர்மாக்காரரு தையக்கடைல ஞாயித்துக்கெழம சாயங்காலம் கூட்டம் நடக்காம். கண்ண மூடி உக்காந்தா எல்லாம் தெரியுதாம்லா.”

“எல்லாம்னா?”

“எல்லாந்தான். நம்ம ஆளுக எங்கன கெடக்காவன்னு தெரியாதா?”

“ஒங்க கோயில் சாமியாருக்குத் தெரிஞ்சா?”

“அவரு கண்ண மூடுனா அவருக்குந் தெரியும். நீ வா.”

தையல்காரர் ரங்கூனில் கடை வைத்திருந்து, எல்லாம் போய், வெறுங்கையோடு கப்பலில் வந்து இறங்கியவர். அங்கே ஒரு புத்த மடத்தில் கற்றதை இங்கே நாலு பேரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். கடைக்குப் பின்னால் ஓர் அறை. நூல்கண்டு அலமாரியில் ஒரு சின்ன புத்தர். பாயில் பர்மாவிலிருந்து வந்த சில பெண்கள், உப்பளத்து வேலைக்காரர் ஒருவர், நாங்கள்.

நான் சுற்றிவளைக்கவில்லை. “அண்ணாச்சி, மைய வெத்தலைல தடவுவியளா, உள்ளங்கைலயா?”

“இங்க மையும் இல்ல, மந்திரமும் இல்லம்மா. உக்காந்து மூச்சக் கவனிக்கணும். அவ்வளவுதான்.”

“மூச்சு எங்க வீட்டுலயே இருக்கே. அதப் பாக்கவா சேல மாத்திட்டு வந்தோம்?”

அவர் கோபப்படவில்லை. எழுந்து போக எங்களுக்கும் வேறு இடமில்லை. உட்கார்ந்தோம்.

“உள்ள வரும்போது ‘வருது’ன்னு மனசுல சொல்லுங்க. வெளிய போகும்போது ‘போகுது’ன்னு சொல்லுங்க.”

பக்கத்தில் புன்னைக்காயல்காரி கண்ணைத் திறந்துவிட்டாள். “என்னது? மூச்சு போகுதுன்னு சொல்லணுமா?”

மூச்சு போகிறது என்றால் எங்கள் ஊரில் ஆள் சாகிறான் என்று அர்த்தம். கடைக்கு உப்பு வாங்கப் போகிறவன்கூட ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்லவேண்டும். கடலுக்குப் போகிறவன் வீட்டு வாசலில் நின்று வெறுமனே ‘போறேன்’ என்று சொல்லிப் பாருங்கள், விளக்குமாறு பறந்து வரும்.

“தோணிக்குப் போனவன் பொண்டாட்டி வாயால அதச் சொல்லச் சொல்லுதியளே, நல்லாருப்பியளா?” என்றாள்.

“மனசுக்குள்ளதானம்மா.”

“மனசுல சொன்னா கடலுக்குக் கேக்காதோ?”

நான் சமாதானத்துக்குப் போனேன். “அண்ணாச்சி, மூச்சு ‘போயிட்டு வாரேன்’னு சொல்லிட்டுப் போறதா வச்சுக்கிடுவமா?”

உப்பளத்துக்காரர் கண்ணை மூடியபடியே குலுங்கினார். தையல்காரர் சிரிக்கவில்லை. “வரும் வரும்னு சொல்லிக்கிட்டே பாத்தா, போறத நீங்க பாக்கவே மாட்டீங்க” என்றார்.

அவர் சொன்னது நன்றாகப் புரிந்தது. புரிந்ததால்தான் இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவரே அலுத்துப்போய், “சரி, வாரத மட்டும் சொல்லுங்க. மத்த நேரம் பேசாம இருங்க” என்றார். அடுத்த வாரம் பர்மாப் பெண்களும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். வருகிற மூச்சை மட்டும் பார்த்த கூட்டம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மாதக்கணக்கில் போனோம். நிம்மதி வந்ததா என்று கேட்காதீர்கள். கண்ணை மூடினால் ஈர வெங்காய வாடைதான் வந்தது. அதையும் சொன்னேன்.

“வாடை வருதுன்னு அறிஞ்சுக்கங்க.”

“அறிஞ்சுட்டேன். பெறவு?”

“பெறவு ஒண்ணுமில்லம்மா.”

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். மை போடுகிறவனாக இருந்தால் தெற்கே இருக்கிறார், அமாவாசைக்கு வருவார் என்று எதையாவது சொல்லியிருப்பான்.

மழைக்காலம் முடிந்த பிறகு, கூட்டம் விட்டுத் திரும்பும்போது புன்னைக்காயல்காரி சொன்னாள். “ஏளா, எங்க ஆளு ஆத்துமாவுக்குக் கோயில்ல பூச வைக்கச் சொல்லி சாமியாரு சொல்லுதாரு.”

நான் நடந்துகொண்டே இருந்தேன்.

“செத்துருந்தா, பூச இல்லாம, மோச்சத்துக்குப் போக முடியாம, உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்புல கெடந்து வேவாருல்லா. நா இங்கன வருது வருதுன்னு உக்காந்துருக்கேன்.”

“செத்துருந்தாத்தான?”

“ஆமா. ஒரே தோணி. எங்க ஆளுக்குப் பூச வச்சா, ஒங்க ஆளு…” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “நீ வேண்டாம்னா வைக்கல” என்றாள்.

என் வீட்டுக்காரரைச் சாகடிக்க என்னிடமே உத்தரவு கேட்டு நிற்கிறாள். வேண்டாம் என்றால் அவளுடைய புருஷன் நெருப்பில் கிடப்பான். எனக்குக் கேலி ஒன்றுதான் கைவசம் இருந்தது.

“எங்க ஆளு வெங்காய மூட்டயப் புடிச்சி மாலத்தீவு போயி, அங்கன ஒருத்தியக் கெட்டி, அவளுக்கு மீன் கொழம்பு வச்சிட்டு இருப்பாரு. ஒம் பூச அவர ஒண்ணுஞ் செய்யாது. வையி.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தவள் தெருமுனை வரை விடவில்லை.

மாதா கோயில் பூசைக்குப் போனேன். கடைசி வரிசையில் ஒரு தூணோரம் உட்கார்ந்தேன். நடக்கிறதை நடக்கிறதாகப் பார், ஒன்றும் செய்யாதே என்பதுதானே தையல்காரர் பாடம். அப்படியே இருப்பது என்று நினைத்திருந்தேன். அவள் புருஷன் பேரைச் சாமியார் வாசித்தார். எல்லாரும் முழந்தாள் போட்டார்கள். என் கால் என்னைக் கேட்கவில்லை. நானும் போட்டுவிட்டேன். முன்வரிசையிலிருந்து அவள் திரும்பிப் பார்த்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“எங்கன போயிருந்த?”

“கோயிலுக்கு, அத்த.”

“எந்தக் கோயிலுக்கு?”

முட்டிக்கு நேரே சேலையில் புழுதி அப்பியிருந்தது. அதைப் பார்த்தார். மாதா கோயிலில் அன்று யாருக்குப் பூசை என்று தெரு முழுக்கத் தெரியும். தோணி போன நாள் முதல் மகனுக்கும் சேர்த்தே உலை வைத்துவந்தவர் அவர். மிஞ்சியதை மறுநாள் நாங்கள் இருவரும் பழையதாகக் குடிப்போம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

முறத்தில் இருந்த அரிசியை வழக்கம்போலப் பானையில் கொட்டினார். பிறகு பானைக்குள் கையைவிட்டு, ஒரு கை அரிசியை அள்ளி, திரும்ப முறத்தில் போட்டார்.