மணவறையில் உட்கார்ந்து பார்த்தவர்

தங்கபுஷ்பம் அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு போஸ்டராகத்தான் வந்தது. அவர் வீட்டார் சொல்லவில்லை. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுச் செல்போனைப் பார்த்தால், கோவில்பட்டிப் போட்டோக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு, கீழே அவருடைய ஆதார் அட்டைப் படம். திருடியைப் பிடித்து நிறுத்தியது போல ஒரு முழி. குழுவில் இருப்பவர்கள் அத்தனை பேரும் படம் எடுத்துப் பிழைப்பவர்கள். ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. வரிசையாகக் கைகூப்புகிற பொம்மைகளை அனுப்பிவிட்டு, அதற்குக் கீழேயே ஒருவர் தம் பழைய லென்சை விற்பனைக்குப் போட்டிருந்தார்.

அக்கா ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் படம் எடுத்தவர். தான் கல்யாணம் செய்துகொள்ளாதவர். நான் எட்டாவதோடு படிப்பு நின்ற குடும்பப் பெண். வீட்டுக் கணக்கைப் பிசகாமல் எழுதுகிறவள் என்பதற்காகவே என்னைச் சேர்த்துக்கொண்டார். பேட்டரி, கார்டு, ஃபிளாஷ் எல்லாவற்றையும் எண்ணி எடுத்து வைப்பது என் வேலை. கேமரா, பார்த்துப் பார்த்துப் பழகியது.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானமே மண்டபத்துக்குப் போய்விடுவோம். மற்ற போட்டோக்காரர்கள் அந்நேரம் ராத்திரிச் சாப்பாட்டில் என்ன வகை என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். அக்கா நேரே மணவறைக்குப் போய், பெண் உட்காருகிற இடத்தில் சம்மணம் போட்டு உட்காருவார். எந்த லைட் கண்ணைக் குத்தும், ஓமப்புகையை ஃபேன் எந்தப் பக்கம் தள்ளும் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். நான் எதிரே நின்று அவரை நாலைந்து படம் எடுப்பேன். முகத்தில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அழிச்சிரு" என்பார். அழித்துவிடுவேன்.

"நாளைக்கு அந்தப் பிள்ளை தலையத் தூக்காதுட்டி. அது பாக்க வேண்டியத இன்னைக்கே நாம பாத்திரணும்" என்பார்.

ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டுக் கல்யாணம். மணவறை அலங்காரக்காரர் ஏணியில் நின்றபடி, தம் ஆட்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "என்னக்கா, மண்டபம் மண்டபமா உக்காருதீங்க, மாப்பிள்ளைதான் வர மாட்டேங்காரே!"

ஆட்கள் சிரித்தார்கள். அக்கா அசையவில்லை. "வந்தாருல. ஒன் ஊதா லைட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு. மனுச மூஞ்சி கத்திரிக்கா மாதிரில்லா இருக்கு. மொதல்ல அத அவுத்துப் போடு."

கழற்றினார். பிறகு ஆல்பத்தைப் பார்த்த முதலாளி, அலங்காரம் பிரமாதம் என்று அலங்காரக்காரரைத்தான் புகழ்ந்தாராம். அந்த மனிதரும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "ஒங்களுக்குக் கோவமே வராதாக்கா?"

"வராம என்ன? இவனுக்குப் போயி அதச் செலவழிக்கவா?"

அவ்வளவு சிக்கனம் எனக்கு வரவில்லை.

இந்தத் தை மாதம், கயத்தாறு கல்யாணம். மணவறையில் உட்கார்ந்த அக்கா உடனே எழுந்திருக்க முடியாமல் தூணில் சாய்ந்துகொண்டார். நான் வழக்கம்போல எடுத்தேன். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அன்றைக்கு 'அழிச்சிரு' என்று சொல்லவில்லை. அதன் பிறகு ஆஸ்பத்திரிதான். அந்தச் சிரிப்புப் படம் தங்கிவிட்டது.

அதைப் பெரிதாகப் போட்டு, அவருடைய தம்பி மகனிடம் கொண்டுபோனேன். பதினாறாம் நாளுக்காவது இதை வையப்பா என்றேன்.

"மணவறையில உக்காந்த படமா? ஊரு சிரிக்கும் சித்தி. ஆதார் படமே போதும்."

அவன் செல்போனைத் திறந்தால் முகப்பில் வருவது அவனுடைய கல்யாணப் படம். எடுத்தவர் அத்தை. அதில் அவன் பெண்டாட்டி முகத்தில் வெளிச்சம் சரியாக விழ வேண்டும் என்று முந்தின நாள் போய் உட்கார்ந்தவரும் அதே அத்தைதான். அப்போது ஊர் சிரிக்கவில்லை போலிருக்கிறது.

"ஊரு சிரிக்கது கெடக்கட்டும்டே. ஒங்க அத்தை சிரிச்ச படம் இது ஒண்ணுதான் இருக்கு" என்றேன். அவன் கை நீட்டி வாங்கக்கூட இல்லை.

பதினாறாம் நாள் ஆதார் முழிக்கே மாலை விழுந்தது. அலங்காரக்காரர் வந்து, "பெரிய கலைஞர், ஈடு செய்ய முடியாத இழப்பு" என்றார். முருகனை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

போன வாரம் எனக்கே தனியாகப் படமெடுக்க ஒரு கல்யாணம் வந்தது. முந்தின நாள் மத்தியானம் மண்டபத்துக்குப் போனால் அதே மனிதர், அதே ஊதா லைட்.

"அண்ணாச்சி, வெளிச்சம் பாக்கணும். பொண்ணு எடத்துல கொஞ்சம் உக்காருங்க."

"நானா?"

"பெரிய கலைஞர் உக்காந்த எடந்தான?"

அவருடைய ஆட்களே சிரித்தார்கள். உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கொஞ்ச நேரத்தில், "லைட்டு கண்ணக் கூசுது தங்கச்சி" என்றார்.

"அவுத்துப் போடுங்க" என்றேன்.

அவரை எடுத்ததை அங்கேயே அழித்துவிட்டேன். அக்காவுடைய படம் என் வீட்டில் இருக்கிறது. சாமிப் படங்களோடு வைப்பது முறையில்லை. பேட்டரிகளுக்குச் சார்ஜ் போடுகிற இடத்துக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறேன். மணவறை நன்றாகத் தெரிகிற படம்தான். சிரிக்கிறவர்கள் வந்து சிரித்துவிட்டுப் போகலாம்.