கழுவி வைத்த தெரு

எங்காவது கான்கிரீட் கலக்கும் உருளை சுற்றினால் நான் நின்றுவிடுவேன். இரும்புக்குள் கல்லும் கல்லும் புரளும் அந்தச் சத்தம் எனக்குக் காதில் கேட்பதில்லை, பல்லில் அரைபடுகிறது. உடனே அந்த ஆடி மாதக் காலை வந்துவிடும். நான்கு வருடங்களுக்கு முன்பு, விருத்தாசலத்தில், எங்கள் தெருவில் நடந்தது.

தெருவுக்கு மேற்கே பீங்கான் பட்டறைகள். அகல் விளக்கு, பொம்மை, கரண்டுக் கம்பத்துக் குமிழ் என்று ஊர் ஊராகப் போவதெல்லாம் அங்கே பிறப்பவைதான். பட்டறைகளுக்கு வெள்ளைக்கல்லை மாவாக்கித் தருகிற மில் ஒன்று, எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. கல்லைத் தண்ணீர் ஊற்றியும் அரைக்கலாம், உலரவும் அரைக்கலாம். உலர அரைத்தால் வேலை சீக்கிரம் முடியும். அவர்கள் உலரத்தான் அரைத்தார்கள்.

காற்று எல்லோருக்கும் பொது என்கிறோம். எங்கள் ஊரில் அதற்குக் கிழக்கும் மேற்கும் உண்டு. ஆடியில் மேல்காற்று எழுந்தால் மில்லுக்கு மேற்கே இருக்கிற மாடி வீடுகளில் ஜன்னல் திறந்திருக்கும். கிழக்கே, பட்டா கொடுத்து எங்களைக் குடிவைத்த தெருவில், முருங்கை இலை வெளுக்கும், கொடியில் போட்ட கறுப்புச் சட்டை வெளுக்கும், சோற்றில் ஒரு நறநறப்பு சேரும். தெருவில் பாதிப் பேருக்கு அந்தப் பட்டறைகளில்தான் வேலை. அதனால் பல வருடம் யாரும் வாய் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் தூசி போகும் என்பது ஒரு காரணம், சம்பளம் போகும் என்பது இன்னொன்று.

எதிர் வீட்டு அக்காவுக்குப் பட்டறையில் காய்ந்த பொம்மைகளின் ஓரத்தைச் சுரண்டி வழவழப்பாக்கும் வேலை. மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு ஆயிரமாயிரம் பிள்ளையாருக்குத் தும்பிக்கை திருத்தியவர். அந்த வருடம் வாசலிலிருந்து தெருக்குழாய்க்குப் போவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். கடலூரில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சில் தூசி படிந்துவிட்டது, வேலையை மட்டும் விட்டால் போதாது, அந்தத் தெருவையே விட்டுவிடுங்கள் என்றாராம். அவர் வீட்டுக்காரர் நல்லூரில் வாடகைக்கு இடம் தேட ஆரம்பித்திருந்தார். கூலியில் மிச்சம் பிடித்து, செங்கல் செங்கலாக எழுப்பிய வீடு அது. தை பிறந்ததும் அதைப் பூட்டிவிட்டுப் போவதாகப் பேச்சு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். அக்காவின் நிலையைப் பார்த்துத்தான் தெரு அரசாங்கத்துக்கு மனு கொடுக்க முடிவு செய்தது; அதை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மில்லை மூடச் சொல்லவில்லை, தண்ணீர் ஊற்றி அரைக்கட்டும், சுற்றிலும் அடைப்புப் போடட்டும் என்பதே கோரிக்கை. ஆனால் என் கை சும்மா இருக்குமா? மூன்று பக்கத்துக்கு வானம், மேகம், குழந்தைகளின் சுவாசம் என்று பாய்ந்துவிட்டேன். படித்துக் காட்டியதும் அக்கா சிரித்தார். "நல்லாத்தான் இருக்குது தம்பி. இதுல தூசி எங்க இருக்குது?" என்று கேட்டார். அதை ஒரு பக்கமாகச் சுருக்கினோம். கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறினோம். மில்லில் வேலை பார்ப்பவர்கள்கூட, இருட்டிய பிறகு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

நேரில் பார்க்க ஓர் அதிகாரி வியாழக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. தெரு முழுக்க நான்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழன் காலை வெளியே வந்து பார்த்தேன். தெரு பளபளவென்று இருந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து, கூரை முதல் வாசல்படி வரை தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறார்கள். மரத்தைக்கூடக் குளிப்பாட்டியிருந்தார்கள். வாசலுக்கு வாசல் பெரிய கோலம், நடுவில் பூசணிப்பூ இல்லாததுதான் குறை. பெரிய மனுஷி வருகிறார், தெரு அழுக்காகக் கிடந்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் காட்ட வேண்டிய ஒரே சாட்சி சாக்கடையில் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது.

கோபத்தில் கத்தப் போனேன். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். அதில் ஈரத்துணி. என் வண்டி சீட்டை நானே துடைத்துவிட்டுத்தான் வெளியே வந்திருந்தேன்.

அதிகாரி முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். முதலில் மில்லுக்குப் போய்விட்டுத்தான் எங்களிடம் வந்தார். அங்கேயும் விஷயம் தெரிந்திருக்கிறது. கல் அரைக்கும் உருளை ஓடவில்லையாம், தரையெல்லாம் ஈரமாம். தெருவைச் சுற்றிப் பார்த்தவர், ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டினார். விரல் சுத்தமாக இருந்தது.

"எங்க சார் தூசி?" என்றார் என்னிடம்.

ஒரே நேரத்தில் பத்துப் பேர், நேற்று வரை இருந்தது, காலையில்தான் கழுவினோம் என்றார்கள். எனக்கே அது பொய் போலக் கேட்டது. அவர் கேலி செய்யவில்லை. பார்த்ததைத்தான் எழுத முடியும் என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினார். அந்த மூடலில் அக்காவின் வீட்டுக்குப் பூட்டு விழும் சத்தம் எனக்குக் கேட்டது.

அக்கா மட்டும் அசரவில்லை. வந்தவர்கள் ஒரு வாய் டீ குடிக்காமல் போகக் கூடாது என்று அதிகாரியைத் தன் வீட்டுக்குள் அழைத்துப் போய் உட்கார வைத்தார். இந்த நேரத்தில் உபசாரம் ஒன்றுதான் குறைச்சல் என்று நான் பொருமினேன். பால் வாங்கி வர ஆள் போனது. நிழல் தேடிய டிரைவர் ஜீப்பைத் தெரு வளைவுக்கு அப்பால், வேப்பமரத்தடியில் கொண்டு போய் நிறுத்தினார். மில்லிலிருந்து பார்த்தவர்களுக்கு ஜீப் போய்விட்டது போலத் தோன்றியிருக்க வேண்டும்.

டீ கொதிப்பதற்குள் உருளை புரள ஆரம்பித்தது.

முதலில் சத்தம். பிறகு காற்று. பிறகு, மில் கூரையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை யாரோ உதறியது போல அது எழுந்து, சாய்ந்து, எங்கள் தெருவின் மேல் நிதானமாக இறங்கியது. கோலங்கள் மங்கின. அதிகாரி, குடிக்கக் கொடுத்திருந்த தண்ணீர் டம்ளரின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்வது அது. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

வெளியே வந்தபோது ஜீப்பின் கண்ணாடி பால் ஊற்றியது போல இருந்தது. டிரைவர் துணியை எடுத்துக்கொண்டு ஓடினார். மூச்சு வாங்கிக்கொண்டே அக்கா அவர் கையைப் பிடித்தார்.

"தொடைக்காதீங்க தம்பி. மேடம் பாக்கட்டும்."

அதிகாரி பார்த்தார். செல்போனில் படம் எடுத்தார். ஒரு தாளை மடித்து, ஜீப்பின் முன்மூடியிலிருந்து மாவை வழித்து, பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொண்டார். பிறகு, யாரையும் அழைக்காமலே, நேராக மில்லுக்கு நடந்தார். பின்னாலேயே நாங்கள் நடந்தோம். கையெழுத்துப் போடாதவர்களும் வந்தார்கள்.

உத்தரவு வர மாசிவரை ஆனது. அதற்குள் மேலும் இரண்டு மனு, நான்கு முறை அலைச்சல். இன்று அங்கே தண்ணீர் ஊற்றித்தான் அரைக்கிறார்கள், சுற்றிலும் தகர அடைப்பு இருக்கிறது. அக்காவின் நெஞ்சில் படிந்தது போகவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவர் தன் வீட்டில்தான் இருக்கிறார். சட்டம், நீதி என்று நான் படித்த பெரிய சொற்களெல்லாம் அன்று அவர் பேசிய நான்கு வரிக்குள் அடங்கிப் போயின. இப்போதும் எதையாவது அலங்கரித்து எழுத உட்கார்ந்தால், அந்த வரிகள் என் பேனாவைப் பிடித்து நிறுத்துகின்றன.

அன்று ஜீப்பில் ஏறும் முன் அதிகாரி, டாக்டரே சொன்ன பிறகு நீங்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவதுதானே நல்லது என்று அக்கறையாகத்தான் கேட்டார். அக்கா ஒரு கையால் ஜீப்பின் கதவைப் பிடித்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"நாங்க இருக்குற எடத்துக்குத்தான் மேடம் தூசி வந்துது. போறதா இருந்தா அதுதான் போவணும். எங்க வூடு இங்கதான் இருக்கும். நீங்க பாத்து போயிட்டு வாங்க."