துலுக்கானம் வெல்டு வைத்த பக்கம்

எண்பதுகளில் பாரிவாக்கத்துக்கு வந்து ஷாக்கப்சர் துலுக்கானம் வீடு எது என்று கேட்டால், சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். அப்பன், பாட்டன் எல்லாரும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் காக்கிச் சட்டை மாட்டி, சோற்றுத் தூக்கை சைக்கிளில் தொங்கவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனவன் அவன்தான். பள்ளத்தில் கார் குலுங்காமல் தாங்குகிற ஷாக்கப்சரைச் செய்கிற கம்பெனி. சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ரோட்டில் போகிற கார்களைத் தன் வீட்டு மாடு மேய்ந்துவிட்டு வருவதைப் போலப் பார்ப்பான். "அதோ போது பாரு, அதுக்கு அடியில கீறது நம்ம கைபட்ட சரக்கு" என்பான். பிறகு டீக்குக் காசு கொடுக்க அவனை யாரும் விடமாட்டார்கள். கம்பெனி பெயரைச் சொன்னாலே ஊர் மதித்த காலம் அது. இப்போது பக்கத்து வீட்டுக்காரன் எங்கே வேலைக்குப் போகிறான் என்றே யாருக்கும் தெரிவதில்லை.

ஒன்றை மட்டும் அவன் பெஞ்சில் சொன்னதில்லை. கம்பெனியில் அவனுக்கு ஒரே வேலை. எண்ணெய் நிற்கிற குழாயின் முனையில் இரும்பு வளையத்தை வைத்து வெல்டு அடிப்பான். வருஷக்கணக்காக அதே குழாய், அதே வளையம். அப்புறம் அது எங்கே போகிறது, வண்டியில் எப்படி மாட்டுகிறார்கள் என்பதையெல்லாம் அவன் கண்டதில்லை. ஒரு காரின் அடியில் தலையை நீட்டிக்கூடப் பார்த்ததில்லை. பொய் சொன்னான் என்று அடித்துச் சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை, அவனும் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

வினை எதிர்வீட்டிலிருந்து வந்தது. எதிர்வீட்டு கலீல் ரகுமானுக்குப் பூந்தமல்லி பஜாரில் துணிக்கடை. வானகரத்து ரைஸ்மில்காரர் ஒருவரிடம் பழைய ஃபியட் கார் வாங்கியிருந்தார். பார்க்க லட்சணமான வண்டிதான், ஆனால் ஒரு பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் தெருமுனை வரைக்கும் ஆடிக்கொண்டே போகும். அவர் மனைவி ராபியாவுக்கு அப்போது ஏழாம் மாதம். முந்தின தடவை ஆட்டோவில் போய் வந்த அன்று ராத்திரியே கரு கலைந்துவிட்டது. ஆட்டோ குலுங்கியதால் இல்லை என்று டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். ராபியா நம்பவில்லை. இந்த முறை ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பியும், அந்த ஆடுகிற காரில் ஏறமாட்டேன் என்று ஒரு மாதத்துச் செக்கப்பையே விட்டுவிட்டாள். கலீல் பாய் கெஞ்சியும் பார்த்தார், கத்தியும் பார்த்தார்.

கடைசியில் துலுக்கானத்தின் கம்பெனியில் செய்த ஒரு ஜோடி புது ஷாக்கப்சரை வாங்கிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றார்.

"நீ கீறப்போ நான் எதுக்கு மெக்கானிக்கைத் தேடணும்? நம்ம ஊட்டு வாசல்லயே மாட்டிடலாம். நாளைக்கே டாக்டராண்ட கூட்டிகினு போயிடுவேன்."

"அதுக்கின்னா பாய், மாட்டிட்டா போச்சு" என்றான் துலுக்கானம். பெஞ்சில் பழகிய வாய், அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

கதவோரம் நின்றிருந்த ராபியா, "அண்ணே, நீங்க மாட்டித் தந்தா நான் ஏறுவேன்" என்றாள்.

அன்று வெள்ளிக்கிழமை. கரண்ட் பற்றாக்குறையால் அவன் கம்பெனிக்கு அதுதான் வார லீவு. இருவரும் ஜாக்கி வைத்துத் தூக்கி, பட்டாபிராம் ரயில்வே சைடிங் பக்கம் வாங்கி வந்த பழைய தண்டவாளத்து ஸ்லீப்பர் கட்டைகளை அடியில் அண்டை கொடுத்துச் சக்கரங்களைக் கழற்றினார்கள். துருப்பிடித்த நட்டுகள் மண்ணெண்ணெயில் ஊறி, ஒருவழியாக அசைந்து கொடுத்தன. எண்ணெய் ஒழுகிச் செத்துப்போன பழைய ஷாக்கப்சர்கள் மண்ணில் வந்து விழுந்தன. அதற்குள் ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. "உனுக்கு நான் சொல்லித் தரணுமா, மாட்டி வை" என்று சொல்லிவிட்டு, கலீல் பாய் கையைக் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

துலுக்கானம் வண்டியடியில் மல்லாந்து படுத்தான். புது ஷாக்கப்சரின் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி வளையம். எது மேலே, எது கீழே? கழற்றும்போது பார்த்து வைக்கவில்லை, பழையதிலோ சேறு அப்பி ஒன்றும் தெரியவில்லை. கம்பெனியில் அவன் மேஜைக்குக் குழாய் எப்படி வரும்? நிமிர்ந்து நிற்கும், அவன் வளையம் வைக்கிற முனை மேலே இருக்கும். இத்தனை வருஷம் கண்ட காட்சியைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? தன் வெல்டு இருக்கிற குழாய்ப் பக்கம் மேலே வரும்படி இரண்டையும் மாட்டி, நட்டை இறுக்கி, வண்டியை இறக்கினான். சட்டையெல்லாம் கரியாக, பெருமையோடு வாசலில் உட்கார்ந்தான்.

கலீல் பாய் வந்ததும் டிக்கியை இரண்டு கையாலும் அழுத்திவிட்டார். களக் களக் என்று உள்ளே சத்தம் கேட்டது. வண்டி முன்பைவிட அதிகமாக ஆடியது. அதைப் பார்த்ததும் ராபியா உள்ளே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

"டூப்ளிகேட் சரக்கு குடுத்து ஏமாத்திட்டான் மச்சான். இப்பவே போயி அந்தக் கடைக்காரனை ஒரு வழி பண்றேன்" என்று கலீல் பாய் சட்டையை மாட்டினார்.

தலையை ஆட்டியிருந்தால் போதும், துலுக்கானம் தப்பித்திருப்பான். கடைக்காரன் முகம்கூட அவனுக்குத் தெரியாது. ஆனால் உள்ளேயிருந்து ராபியா அழுகிற சத்தம் வந்தது. "செத்த இரு பாய், இதோ வந்துர்றேன்" என்று சைக்கிளை எடுத்தவன், பூந்தமல்லி டாக்ஸி ஸ்டாண்டில்தான் இறங்கினான். நின்றிருந்த ஃபியட் டாக்ஸியின் பின்னால் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்தான்.

"யோவ், இன்னாத்த அவுக்கிற?" என்று டிரைவர் அவன் காலைப் பிடித்து இழுத்தார்.

"ஒண்ணும் அவுக்கல நைனா, பாத்துகினு கீறேன்."

பார்த்தான். அவன் கம்பெனிச் சரக்குதான், அவன் வெல்டு கீழே இருந்தது. அச்சோடு சேர்ந்து, ரோட்டைப் பார்த்தபடி, கல்லும் சேறும் அடித்த தழும்போடு இருந்தது. எத்தனையோ ஆயிரம் வளையங்களை வெல்டு அடித்தவன், வேலை செய்கிற இடத்தில் தன் வெல்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான். சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

திரும்பி வந்ததும் நேராக ராபியாவின் கட்டில் இருக்கும் அறை வாசலில் நின்று, "கடைக்காரன் மேல தப்பு இல்லமா. நான்தான் தலைகீழா மாட்டிட்டேன். வண்டிக்கு அடியில நான் இன்னிக்குத்தான் பூந்தேன். கம்பெனியில எனக்கு வெல்டு அடிக்க மட்டும்தான் தெரியும்" என்றான்.

கலீல் பாய் அவனை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். ராபியா எழுந்து உட்கார்ந்தாள்.

"இப்ப எப்பிடின்னு தெரியுமா அண்ணே?"

"கண்ணால பாத்துட்டு வந்தேன்."

"அப்ப மாத்திடுங்க" என்றாள்.

கலீல் பாய் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பொழுது சாய்வதற்குள் இருவரும் அவிழ்த்துத் திருப்பி மாட்டினார்கள். டிக்கியை அழுத்திவிட்டபோது வண்டி ஒரு தரம் எழுந்து அப்படியே அடங்கியது.

மறுநாள் காலை, வழி பூராவும் கூட வரவேண்டும் என்று ராபியா சொன்னதால், துலுக்கானம் கம்பெனிக்கு லீவு போட்டு முன்சீட்டில் உட்கார்ந்தான். பின்னால் அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்து, கண்ணை இறுக மூடியிருந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் துலுக்கானம் மூச்சைப் பிடித்தான், திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. கீழ்ப்பாக்கத்தில் டாக்டரம்மா வீட்டு கேட்டுக்குள் வண்டி நின்றபோதுதான் இருவரும் திரும்பினார்கள்.

ராபியாவின் கைகள் வயிற்றிலிருந்து நழுவி சீட்டில் கிடந்தன. வாய் லேசாகத் திறந்திருக்க, தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் இப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கலீல் பாய்க்குத்தான் தெரியும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எழுப்பாத மச்சான்" என்றார் மெதுவாக.

சத்தம் கேட்டுவிடும் என்று கதவைக்கூடச் சாத்தாமல், இருவரும் இறங்கி வெளியே நின்றார்கள்.